எட்வின் லட்யன்ஸும் றைசினாக் குன்றும்

கொழும்பு நகரிலே கல்வி பயின்றும் கடமை புரிந்தும் வாழ்ந்த நம் பழைய மாணவர் பலர், விகாரமகாதேவிப் பூங்காவின் பக்கமாக நடந்து செல்கையில், முதலாம் உலகப் போரில் உயிர் நீத்தோர்க்காக எடுக்கப்பட்ட நினைவுத் தூணைக் கண்டிருப்பர். அத்தூண் முன்னர்க் காலிமுகத் திடலிலே கடலருகே நின்றது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, யப்பானியர் குறிவைத்துச் சுடுவதற்கு அஃது அடையாளமாய் அமைந்துவிடும் என அஞ்சிப் பெயர்க்கப்பட்டுப் பூங்காவிலே நாட்டப்பட்டது. இச்செய்தி சிலர்க்குத் தெரியும். அதனை வரைந்தளித்த கலைஞர் யாவர் என அறிந்தாரோ மிகச் சிலர். இலண்டன் மாநகரின் வைற்ஹோல் வீதியில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தையும், புதுடில்லியில் இந்தியக் குடியரசுத் தலைவர் உறையும் பெருமாளிகையையும் ஆக்கியளித்த சேர் எட்வின் லட்யன்ஸ் என்பாரே அவர்.

அவருடைய வாழ்வைக் கூறப் புகுவோர் சேர் ஹேர்பட் பேக்கர் என்னும் மற்றொருவரையும் உடன் கூறாதிருத்தல் இயலாது. இருவரும் இளமை தொட்டு நண்பர். ஒரு தலைநகரையே பங்கிட்டுக் கட்டிய கூட்டாளிகள். இறுதியில் ஒரு பாதையின் சரிவு காரணமாகப் பிரிந்தோர். அச்சரிவின் கதையையே ஈண்டுச் சிறிது விரித்துரைக்க எண்ணுகின்றேன்.

லட்யன்ஸ் 1869ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 29ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் படைத்துறையினின்றும் நீங்கி ஓவியத் தொழிலை மேற்கொண்டவர். பதின்மூன்று மக்களைக் கொண்ட குடும்பத்திலே பத்தாமவராய் வந்த இவருக்குத் தந்தையாரின் ஓவிய நண்பரான எட்வின் லான்சியரின் பெயர் இடப்பட்டது. சிறுவயதில் வாதக் காய்ச்சல் பற்றியமையால் ஏனைய சகோதரரைப் போலப் பள்ளிக்கூடம் செல்லும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. சறேப் பகுதியின் நாட்டுப்புறத்திலே தனியே திரிந்து, தச்சர் மரம் அறுப்பதையும் கொத்தர் சுவர் எழுப்புவதையும் நாள்தோறும் பார்த்திருந்தார். ஒரு கண்ணாடிப் பலகையைக் கையிலே ஏந்தி, அதனூடே வீடொன்றை நோக்கி, கூராகச் சீவிய சவர்க்காரத் துண்டினால் அவ்வீட்டின் கோடுகளைக் கண்ணாடிமேல் வரைவார். பின் அழித்துவிட்டு வேறொரு வீட்டைத் தேடிச் செல்வார். கரும்பலகையையும் பாடப்புத்தகத்தையும் நம்பிப் பிழைக்கும் என் போன்ற ஆசிரியர்க்கு இது சற்றே நாணம் தரும் செய்தி. பள்ளி செல்லாத அச்சிறுவனுக்குக் கண்ணே ஆசானாயிற்று. மனிதனுடைய கண் நிற்கும் உயரத்திலிருந்து ஒரு கட்டடம் எங்ஙனம் தோன்றும் என்பதை அவர் அக்காலத்திலேயே கற்றுக்கொண்டார். பின்னாளில் நிகழ்ந்ததை எண்ணும்போது இஃது ஒரு விந்தை.

சவுத் கென்சிங்டன் கலைக்கல்லூரியிலே ஈராண்டு பயின்றபின், 1887ஆம் ஆண்டளவில், ஏர்னஸ்ட் ஜோர்ஜ் என்னும் கட்டடக் கலைஞரின் பணிமனையிலே பயிற்சி பெறச் சேர்ந்தார். ஆங்கு உதவியாளராய் இருந்தவர் பேக்கர். கென்ற் மாவட்டத்திலே 1862ஆம் ஆண்டு பிறந்து, லட்யன்ஸிலும் ஏழாண்டு மூத்தவர். அமைதியும் ஒழுங்கும் உடையவர். வரலாறும் இலக்கியமும் விரும்பிக் கற்றவர். இளையவரோ விளையாட்டுப் பேச்சினர், எக்காரியத்தையும் நகையாடுபவர், பென்சிலை எடுத்தால் மாத்திரம் வாய் அடங்குபவர். இவ்விரு வேறு இயல்பினர் ஒருவரையொருவர் விரும்பினர். விடுமுறைகளிலே ஒன்றாக நாட்டுப்புறங்களுக்குச் சென்று பழைய வீடுகளைக் கண்டு வரைந்தனர்.

லட்யன்ஸ் அப்பணிமனையிலே நெடிது தங்கவில்லை. இருபது வயதிலேயே தனித்தொழில் தொடங்கினார். கேட்ருட் ஜீக்கில் என்னும் தோட்டக்கலை வல்ல அம்மையாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. பார்வை மங்கிவந்த அவ்வம்மையார் தோட்டம் அமைக்க, இவர் வீடு அமைக்க, ஆங்கிலநாட்டின் தென்பகுதியிலே பல நாட்டுப்புற மாளிகைகள் எழுந்தன. பேக்கரோ 1892ஆம் ஆண்டு தென்னாபிரிக்கா சென்றார். செசில் றோட்ஸின் ஆதரவைப் பெற்று அந்நாட்டின் தலைசிறந்த கட்டடக் கலைஞராய் விளங்கினார். பிரிட்டோரியா நகரிலே குன்றொன்றின் சாரலில், அரைவட்டமாய் வளைந்து, இரு கோபுரங்களோடு நிற்கும் அரசாங்கச் செயலகம் அவருடைய ஆக்கமேயாகும். அஃது 1910ஆம் ஆண்டுக்கும் 1913ஆம் ஆண்டுக்கும் இடையே எழுந்தது. குன்றின்மேல் கட்டுவது எப்படி என்பதைப் பேக்கர் அங்கேயே பயின்றுவிட்டார் எனலாம்.

1897ஆம் ஆண்டு லட்யன்ஸ் மணந்துகொண்ட எமிலி அம்மையார், இந்தியாவின் இராசப்பிரதிநிதியாய் இருந்த லிட்டன் பிரபுவின் மகளாவர். விக்டோரியா மகாராணியாரைப் பேரரசியென அறிவிக்க 1877ஆம் ஆண்டு டில்லியிலே தர்பார் கூட்டியவர் அந்த லிட்டன் பிரபுவே. அம்மையார் 1910ஆம் ஆண்டு பிரமஞான சங்கத்திற் சேர்ந்து, அன்னி பெசன்ட் அம்மையாரின் அடியாராகி, அடையாற்றிலிருந்து இலண்டனுக்கு அழைத்துவரப்பட்ட இளைஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தம் பிள்ளையைப் போலப் பேணினார். கணவருக்கு இஃது உவப்பாயில்லை. அவர் அரண்மனைகளைக் கட்டிய ஆண்டுகளில் அவருடைய இல்லத்திலே மனம் ஒன்றிய வாழ்வு இருந்ததெனக் கூற முடியாது. பிற்காலத்தே தந்தையாரின் வரலாற்றையும் கிருஷ்ணமூர்த்தியின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டவர் இவர்தம் மகள் மேரி லட்யன்ஸ்.

இனி டில்லிக்கு வருவோம். 1911ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் நடந்த தர்பாரிலே, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என அறிவித்தார். மறு ஆண்டு, புதிய நகருக்கு இடந்தேர அமைக்கப்பட்ட மூவர் குழுவிலே லட்யன்ஸ் ஒருவரானார். வடக்கே மன்னர் அடிக்கல் நாட்டிய இடம் ஏற்றதன்று எனத் தள்ளப்பட்டுத் தெற்கே றைசினாக் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்விடத்தே வாழ்ந்த றைசினா, மால்ச்சா முதலிய சிற்றூர் மக்கள் தம் நிலத்தை அரசாங்கத்துக்கு விட்டு நீங்கினர். அவர்தம் பெயர்களைத் தாங்கிய கல்வெட்டு ஒன்றும் அம்மாளிகையில் இல்லை. துறைமுகத்துக்குக் காணி கொடுத்தோர் வாழும் ஒலுவிற் பகுதியிலிருந்து எழுதும் எனக்கு, இதனைச் சொல்லாமற் கடந்து செல்ல மனம் ஒப்பவில்லை.

வேலையோ மிகப் பெரிது, ஒருவரால் ஆகாதது. எனவே தம் பழைய நண்பரைத் துணையாக அழைக்குமாறு லட்யன்ஸே வேண்டினார். 1913ஆம் ஆண்டு தொடக்கத்திலே பேக்கர் நியமனம் பெற்றார். பங்கீடு தெளிவாக இருந்தது: இராசப்பிரதிநிதியின் மாளிகை லட்யன்ஸுக்கு, இரு செயலகக் கட்டடங்கள் பேக்கருக்கு. இருவரும் பழையபடி ஒன்றாயினர். ஒருவருக்கொருவர் வரைபடம் காட்டிக் கலந்து பேசினர்.

முதலில் எண்ணியபடி, குன்றின் உச்சியிலே மாளிகை மாத்திரம் தனித்து நிற்க வேண்டும். செயலகங்கள் அதன் அடியிலே தாழ்வாக அமைய வேண்டும். பேக்கர் இதனை மாற்றக் கருதினார். ஆட்சி செய்வது மாளிகை மாத்திரமன்று, செயலகமுமே ஆம். ஆதலின் இரண்டும் ஒரே மேடையிலே நிற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை. செயலகங்கள் இரண்டையும் குன்றின்மேல் ஏற்றி எதிரெதிராக நிறுத்தி, மாளிகையைப் பின்னே மேற்குப் புறமாகத் தள்ளிவைத்தால், கிழக்கேயிருந்து வரும் நேர்வீதி இரு செயலகங்களுக்கும் நடுவே ஏறி மாளிகையைச் சென்றடையும். லட்யன்ஸ் இதற்கு இசைந்தார். இசைந்தது மாத்திரமன்று, அவ்வீதி குன்றின்மேல் ஏறும் சரிவு, இருபத்திரண்டரை அடிக்கு ஓரடி உயர்வது என்னும் அளவிலே அமையலாம் என்ற குறிப்பிலும் 1913ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஒப்பமிட்டார்.

அந்த ஒப்பத்தின் பொருள் யாது என்பதை நம் கரையோரத்தார்க்கு எளிதில் விளக்கலாம். ஒலுவில் துறைமுகத்துக்கு அருகே, அலை வந்து மோதும் இடத்தில் நின்றுகொண்டு மேற்கே திரும்பிப் பாருங்கள். கரைமணல் செங்குத்தாக ஏறி, மேலே மேடாகிச் சமமாகிறது. அம்மேட்டின் விளிம்பு நம் கண்ணுக்கு எல்லைக் கோடாகிவிடும். அதற்கப்பால் உள்ள வெளிச்சவீட்டின் தலை தெரியும், அடி தெரியாது. தென்னையின் ஓலை தெரியும், மரம் தெரியாது. தோணியிலே இருப்பவனுக்கோ, கடலுள்ளே சற்றுத் தள்ளியிருப்பதால், எல்லாம் நன்கு தெரியும். கரையை அணுக அணுக மறையும். றைசினாவிலும் இதுவே நிகழ்ந்தது. நேர்வீதியின் கீழ்க்கோடியிலிருந்து நோக்கினால் மாளிகையும் அதன் மாடமும் தோன்றும். குன்றை நெருங்கி வருந்தோறும் மாளிகை நிலத்துள் அமிழ்ந்துகொண்டே போகும். குன்றின் அடியில் உள்ள சதுக்கத்தை அடைந்தால், காண்பதற்குரிய மாளிகை போய், மாடத்தின் மேற்பாகம் ஒன்றே எஞ்சும்.

கண்ணாடிப் பலகையும் சவர்க்காரமும் கொண்டு பயின்ற ஒருவர் இதனைக் காணாது விட்டது எங்ஙனம்? அக்காலத்திலே தீட்டப்பட்டு 1914ஆம் ஆண்டு இலண்டன் கலைக்கழகக் காட்சியிலே வைக்கப்பெற்ற ஓவியம் ஒன்றிலே மாளிகை முழுவதும் அழகாகத் தோன்றியது. ஆனால் அவ்வோவியம், நிலத்தில் நிற்கும் மனிதனின் கண்ணுக்கு எட்டாத ஓர் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல வரையப்பட்டது. அது தம்மை ஏமாற்றிவிட்டது என்பது லட்யன்ஸின் முறைப்பாடு. தாம் வைத்த ஒப்பத்தை மாத்திரம் அவர் மறுக்க முடியவில்லை. ஆசிரியத் தொழிலிலே எத்தனையோ தாள்களை வாசியாமல் ஒப்பமிட்ட யான் அவர்மீது கல்லெறியத் துணியேன்.

1916ஆம் ஆண்டளவில், அடித்தளங்கள் எழுந்தபின், நிகழப்போவதை லட்யன்ஸ் உணர்ந்தார். உடனே சரிவை மாற்ற வேண்டினார். செயலகங்களின் நடுவேயுள்ள மேட்டை அறுத்துப் பாதையை நெடுகச் சாய்வாக ஓட்டினால் மாளிகை அடியிலிருந்தே காட்சி தரும் என்றார். பேக்கர் இணங்கவில்லை. அவர் சொன்ன நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நடுவே பள்ளம் வெட்டினால் இரு செயலகங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகும். அவற்றினிடையே அமைந்த சமதளமான முற்றம் இரண்டாகப் பிளவுபடும். முன்னரே ஒப்புக்கொண்டு கட்டத் தொடங்கிய பணியைப் பெருஞ்செலவில் குலைக்க வேண்டிவரும். இதனை விசாரித்த குழுவினர் பேக்கரின் பக்கமே நின்றனர். லட்யன்ஸ் அடங்கவில்லை. இராசப்பிரதிநிதிகளிடம் முறையிட்டார், மன்னரிடமும் அரசியாரிடமும் முறையிட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூவையும் நண்பரின் பெயரையும் பிணைத்து, அவ்வாறே பெயர்கொண்ட இலண்டன் நிலக்கீழ் இருப்புப்பாதையையும் நினைவூட்டித் தம் தோல்வியைத் தாமே ஒரு சிலேடையாக்கிச் சொல்லித் திரிந்தார். கேட்டோர் நகைத்தனர். நண்பர் இருவரும் பேசுவதை விட்டனர். ஒரே நகரில், ஒரே குன்றில், ஒருவர் கட்டடத்தை மற்றவர் கட்டடம் தொட்டு நிற்கப் பல ஆண்டுகள் பகைமையோடு பணியாற்றினர்.

பேக்கர் வென்றார் என்று முடிப்பதற்கும் இல்லை. 1919ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தத்தால் சட்டசபை விரிவடைந்தபோது, அதற்கெனத் தனிக் கட்டடம் வேண்டியதாயிற்று. அது பேக்கரின் பங்காயிற்று. அவர் முக்கோண வடிவிலே ஒரு திட்டம் வரைந்தார். லட்யன்ஸ் அது வட்டமாகவே அமைய வேண்டும் என வற்புறுத்தினார். இம்முறை குழுவினர் லட்யன்ஸின் பக்கம் சாய்ந்தனர். 1921ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, புற வட்டத்திலே 144 தூண்கள் சூழ நின்ற அக்கட்டடமே பின்னர் இந்தியப் பாராளுமன்றமாகி, 2023ஆம் ஆண்டு வரை அப்பணியை ஆற்றியது. ஆகவே, லட்யன்ஸின் மாளிகையை உலகம் எப்படிக் காண வேண்டும் என்பதைத் தீர்த்தவர் பேக்கர். பேக்கரின் பேர்பெற்ற கட்டடம் எவ்வடிவில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்த்தவர் லட்யன்ஸ். பகைத்த பின்னரும் அவர்தம் கூட்டு முறியவில்லை போலும்! கல்லிலே அது தொடர்ந்தது.

மாளிகையைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். ஹார்டிஞ்ச் பிரபு, புதிய நகர் இந்தியரின் கண்ணுக்கும் உரியதாதல் வேண்டும் என விரும்பினார்; சென்னை உயர்நீதிமன்றத்திலே காண்பது போன்ற கூர்வளைவுகளையும் குவிமாடங்களையும் எதிர்பார்த்தவர் பலர். லட்யன்ஸோ இந்தியக் கட்டடக் கலையை மதித்துப் பேசியவர் அல்லர். அவர் கூறியவற்றுட் சில இன்றும் நம் செவிக்குக் கைப்பானவை. அவற்றை மூடி மறைத்துப் புகழ்பாடுதல் முறையன்று. ஆயினும் கை செய்தது வேறு. வெயிலைத் தடுக்கச் சுவரினின்றும் நீண்டு நிற்கும் கல்லிறவாரம், கல்லிலே துளைத்த பலகணி, கூரைமேல் சிறு குடைமண்டபம், யானைச் சிற்பம் ஆகிய யாவும் அவருடைய மாளிகையிலே இடம்பெற்றன. மாடத்தின் கீழ்ப்பகுதியைச் சாஞ்சித் தூபியின் கல்வேலி போன்ற அமைப்புச் சூழ்ந்தது. தீகவாபியையும் அநுராதபுரத்தையும் கண்டு பழகிய நம்மவர்க்கு அம்மாடத்தின் உருவம் அந்நியமாய்த் தோன்றாது. தூண்களின் தலையிலே கல்மணிகளைச் செதுக்கித் தமக்கென ஒரு புதிய தூண்வகையையே படைத்தார். வாய் இகழ்ந்ததைக் கை கற்றுக்கொண்டது என்பதே என் துணிபு.

நான்கு ஆண்டுகளில் முடியும் என எண்ணிய வேலை, இடையே உலகப் போர் வந்தமையால், பதினேழு ஆண்டுகள் வரை நீண்டது. தோல்பூரிலிருந்து செந்நிறக் கல்லும் வெண்மஞ்சட் கல்லும் வந்தன. மாளிகைக்கு மாத்திரம் 70 கோடி செங்கற்களும் 30 இலட்சம் கன அடிக் கல்லும் சென்றன என்பது கணக்கு. 340 அறைகள். கல்தச்சரும், மண்சுமந்த ஆடவரும் பெண்டிரும் பல்லாயிரவர். 1931ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இர்வின் பிரபுவின் காலத்திலே புதுடில்லி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதே இர்வின் பிரபுவைக் காண அம்மாதத்திலேயே காந்தியடிகள் அம்மாளிகையின் படிகளில் ஏறினார். பேரரசு என்றென்றும் நிலைக்கும் என எண்ணிக் கட்டிய அவ்வில்லத்தில், பிரித்தானியர் ஆட்சி இருந்தது அதன்பின் பதினாறு ஆண்டே.

1948ஆம் ஆண்டு அதனுட் குடிபுகுந்தவர் சேலத்திலே வழக்கறிஞராயிருந்த தமிழர் ஒருவர், இராஜாஜி. இராசப்பிரதிநிதிகள் உறைந்த பேரறைகளை விடுத்துச் சிறிய பகுதியையே தமக்கெனக் கொண்டார். குடியரசு அமைந்தபின் இராதாகிருஷ்ணன் வந்தார், வெங்கட்ராமன் வந்தார். 2002ஆம் ஆண்டு, இராமேசுவரத்திலே தோணி வைத்திருந்த மரைக்காயர் குடும்பத்துப் பிள்ளையாகிய அப்துல் கலாம் வந்தார். நம் கடலின் மறுகரையிலே பத்திரிகை விற்றுப் படித்த சிறுவன் லட்யன்ஸின் மாடத்தின் கீழே ஐந்தாண்டு வாழ்ந்ததை, கல்முனைக் கரையோரத்தார் தம் வீட்டுச் செய்தியாகவே பேசிக்கொண்டதை யான் அறிவேன்.

லட்யன்ஸ் 1938ஆம் ஆண்டு இலண்டன் கலைக்கழகத்தின் தலைவரானார். 1942ஆம் ஆண்டு, கட்டடக் கலைஞர் எவரும் அதுவரை பெறாத பேரரசின் தகைமை விருதைப் பெற்றார். லிவர்பூல் நகரிலே கத்தோலிக்கர்க்கெனப் பேராலயம் ஒன்றை அவர் வரைந்தார். உரோமாபுரியின் மாடத்தினும் பெரிய மாடம் உடையதாக அது கருதப்பட்டது. இம்முறை அதனை மறைக்கக் குன்றும் இல்லை, கூட்டாளியும் இல்லை. ஆயின் போரும் பணமுடையும் வந்து தடுத்தன. நிலவறை ஒன்றே எழுந்தது. 1944ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், அவ்வாலயத்தின் வரைபடங்கள் தொங்கிய அறையிலே அவர் உயிர் பிரிந்தது. சாம்பல் இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் நிலவறையிலே வைக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 1946ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், பேக்கர் தாம் பிறந்த கென்ற் மாவட்டத்துக் கோபம் ஊரிலே மறைந்தார். அவருக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்திலே இடம் கிடைத்தது.

சரிவு இன்றும் மாறவில்லை. ஆண்டுதோறும் சனவரி 29ஆம் நாள் மாலை, குடியரசு நாள் விழாவின் முடிவாகப் படையினரின் இசைக்குழுக்கள் குன்றின் அடியிலுள்ள சதுக்கத்திலே கூடி இசைப்பர். பேக்கரின் செயலகங்கள் இருபுறமும் ஓங்கி நிற்கும். அவற்றின் மதில்மேல் ஒட்டகப்படையினர் அசையாது வீற்றிருப்பர். நடுவே, விளிம்புக்கு மேலே, லட்யன்ஸின் மாடம் மாத்திரம் தெரியும். கதிரவன் மறையும் வேளையிலே இசைக்குழுவினர் திரும்பி, அந்த இருபத்திரண்டரைக்கு ஒன்று என்னும் சரிவிலே முழங்கிக்கொண்டு ஏறுவர். முதலிற் கால்களும், பின்னர் முரசங்களும், ஈற்றிலே தலைப்பாகைகளும் விளிம்புக்கு அப்பால் மறையும்.